மெட்டாலிகா மாறிப்போச்சா? அடுத்த ஆல்பம் எப்படி இருக்கணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பத்தாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடும். பழைய மெட்டாலிகாவா, புதிய மெட்டாலிகாவா, 1991-க்கு முன்னா பின்னா, லார்ஸ் இன்னும் டிரம்ஸ் வாசிக்கலாமா என்று போய்க்கொண்டே இருக்கும். அவர்களுடைய '72 சீஸன்ஸ்' ஆல்பம் வெளிவந்த பிறகு எனக்கு நண்பர்களும் தெரிந்தவர்களும் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில்கள் என்னுடைய கருத்துகள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த இசையோடு வாழ்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

இந்த 'மாறிட்டாங்க' புகார் முதலில் எப்போது வந்தது?

1991-இல் வந்த கருப்பு ஆல்பத்தில் ஆரம்பித்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு ஏழு வருடம் முன்பே, 1984-இல் வந்துவிட்டது. 'ரைட் த லைட்னிங்' அவர்களுடைய இரண்டாவது ஆல்பம். அதில் 'ஃபேட் டு பிளாக்' என்ற பாட்டு அக்குஸ்டிக் கிட்டாரோடு மெதுவாகத் தொடங்கும். முதல் ஆல்பமான 'கில் எம் ஆல்' (1983) முழுக்க வேகமும் ஆவேசமும்தான். அதைக் கேட்டுப் பழகியவர்கள் இந்தப் பாட்டைக் கேட்டதும், விலை போய்விட்டார்கள் என்றார்கள். இன்று அதே பாட்டு 'பழைய நல்ல மெட்டாலிகா'வுக்கு உதாரணமாகக் காட்டப்படுகிறது.

இதை நான் முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. மாறவே மாறாத ஒரு மெட்டாலிகா எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதனால் 'மாறிவிட்டார்களா' என்ற கேள்விக்குப் பதில் தேடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். மாறிய பிறகு செய்தது நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

கிளிஃப் பர்ட்டன் உயிரோடு இருந்திருந்தால் கருப்பு ஆல்பமே வந்திருக்காது என்கிறார்களே?

1986 செப்டம்பர் 27, ஸ்வீடன். அதிகாலையில் குழுவின் பேருந்து கவிழ்ந்தது. பாஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்தார். வயது 24. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வெளிவந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

அவர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவரை 'த்ராஷ் (அதிவேக மெட்டல்) மட்டும் போதும் என்று சொன்னவர்' மாதிரி சித்திரிப்பது அவருக்குச் செய்கிற அநியாயம். மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் (Bach) இசையை விரும்பிக் கேட்டவர் அவர். குழுவுக்குள் ஹார்மனி அறிவைக் கொண்டுவந்தவரும் அவர்தான். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தின் 'ஓரியன்' கேளுங்கள். நடுவில் எல்லாம் அடங்கி, பாஸ் மட்டும் நடை பழகுகிற மாதிரி ஒரு மெட்டைத் தொடங்கும். அதன்மேல் கிட்டார்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். அப்படி எழுதியவர் புதிய திசைகளுக்குப் பயந்தவராக இருந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் பாஸ் ஏன் கேட்கவே இல்லை?

கேட்காததற்குக் காரணம் உங்கள் ஸ்பீக்கர் இல்லை. 1988-இல் வந்த அந்த ஆல்பத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஜேசன் நியூஸ்டெடின் பாஸை மிக்ஸிங்கில் (ஒலிகளைக் கலந்து சமன் செய்யும் வேலையில்) கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் இறக்கிவிட்டார்கள். டிரம்ஸ் வாசிக்கிற லார்ஸும் பாடகர் ஜேம்ஸும் அப்படித்தான் வேண்டும் என்று கேட்டதாக மிக்ஸ் செய்தவர்களே பேசியிருக்கிறார்கள். பிற்பாடு ரசிகர்கள் தாங்களாகவே பாஸை ஏற்றி மறுமிக்ஸ் செய்து பரப்பினார்கள். 2018 மறுவெளியீட்டிலும் குழு அதைத் திருத்தவில்லை. அன்றைக்கு அப்படித்தான் செய்தோம், அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு அதில் வருத்தம் உண்டு. பாட்டுகள் அவ்வளவு பிரமாதம். 'பிளாக்கெண்ட்' போன்ற பாட்டுக்கு அடியில் கனம் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கருப்பு ஆல்பம் துரோகமா, உச்சமா?

உச்சம். இதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

1991 ஆகஸ்ட் 12-இல் வந்த அந்த ஆல்பத்துக்குக் குழுவின் பெயர்தான் பெயர். அட்டை கருப்பாக இருந்ததால் கருப்பு ஆல்பம் என்றே ஆகிவிட்டது. பாப் ராக் என்ற தயாரிப்பாளர் உள்ளே வந்தார். அதுவரை தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தவர்களை ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க வைத்தார். 'இது போதாது, திரும்ப வாசி' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாதக்கணக்கில் சண்டை. மூன்று முறை மிக்ஸ் செய்தார்கள். செலவு பத்து லட்சம் டாலர் அளவுக்குப் போனது. பிறகு அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' பாட்டின் தொடக்கத்தைக் கிட்டார் கற்கிற பிள்ளைகள் எல்லோரும் முதல் வாரமே வாசித்துவிடுவார்கள். காரணம் தெரியுமா? ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் தொலைபேசியில் காதலியோடு பேசிக்கொண்டிருந்தாராம். ஒரு கை ரிசீவரில். மிச்சமிருந்த கை சும்மா இருக்காமல் கிட்டார் கம்பிகளை மீட்டியிருக்கிறது. இடது கை எந்தக் கட்டையையும் அழுத்தவில்லை. தடித்த கம்பி ஒன்று, பிறகு மெல்லிய மூன்று, எல்லாம் திறந்த நிலையில். அந்த நான்கு சுரங்கள்தான் பாட்டின் வாசல். இது தனக்கு மட்டுமான பாட்டு, குழுவுக்கு ஆகாது என்றுதான் முதலில் அவர் நினைத்தார்.

2011 அக்டோபர் 30, பெங்களூரு பேலஸ் மைதானம். இந்தியாவில் அவர்கள் வாசித்த முதல் கச்சேரி. இரண்டு நாள் முன்பு தில்லி பக்கத்தில் நடக்கவேண்டியது ரத்தாகியிருந்ததால், கடைசி நிமிடம் வரை வயிற்றில் புளியைக் கரைத்தது. சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் போன எங்கள் கூட்டத்தில் ஒருவன் வழி முழுக்கக் கருப்பு ஆல்பத்தைத் திட்டிக்கொண்டே வந்தான். இருட்டில் அந்த நான்கு சுரங்கள் கேட்டதும் மைதானமே அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி விடாமல் பாடிக்கொண்டிருந்தான். அவனிடம் அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

'லோட்' காலத்தில் முடியை வெட்டியதற்கா அவ்வளவு கோபம்?

பாதிக் கோபம் அதற்குத்தான்! 1996-இல் நீள முடியை வெட்டி, கண்ணுக்கு மை தீட்டி, புதுப் புகைப்படங்களோடு வந்து நின்றார்கள். இசையும் த்ராஷிலிருந்து புளூஸ், தெற்கத்திய ராக் பக்கம் சாய்ந்திருந்தது. பாட்டுகளைக் காது கொடுத்துக் கேட்பதற்கு முன்பே பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

இன்று நிதானமாகக் கேட்டால், ஜேம்ஸ் பாடகராக வளர்ந்தது இந்த ஆல்பத்தில்தான். தாயின் மரணத்தைப் பற்றிய 'அன்டில் இட் ஸ்லீப்ஸ்', 'மாமா செட்' இரண்டும் அவர் முன்பு இவ்வளவு அகலமாகத் திறக்காத கதவுகள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கீழே நீளத்தைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தில் டிரம்ஸ் ஏன் எண்ணெய் டின்னைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது?

ஸ்நேர் டிரம்மின் அடித்தோலில் மெல்லிய கம்பிச்சுருள்கள் ஒட்டியபடி இருக்கும். மேலே அடித்தால் அவை அதிர்ந்து 'சர்' என்ற ஒலியைத் தரும். ராக் இசையில் நமக்குப் பழகிய 'டப்' ஓசை அந்தக் கம்பிகளால் வருவது. பக்கத்தில் இருக்கிற ஒரு நெம்புகோலைத் தட்டினால் கம்பிகள் தோலை விட்டு விலகிவிடும். அப்போது வெறும் உலோகப் பானையின் 'டங்' மட்டும் மிஞ்சும். 2003-இல் வந்த அந்த ஆல்பம் முழுக்க லார்ஸ் கம்பிகளை விலக்கிவிட்டே வாசித்தார். ஒரு நாள் மாட்ட மறந்து, கேட்டால் பிடித்துப்போய், அப்படியே வைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

கிட்டார் சோலோ ஒன்றுகூட அதில் இல்லை. ஜேசன் 2001-இல் விலகியிருந்தார். ஜேம்ஸ் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சைக்குப் போய்த் திரும்பியிருந்தார். பாஸை பாப் ராக்கே வாசித்தார். குழு உடையாமல் இருப்பதற்காக ஓர் ஆலோசகரை வைத்துக்கொண்டு பேசிப் பேசிச் செய்த ஆல்பம் அது. அந்த நாட்களை ஓர் ஆவணப்படம் அப்படியே காட்டுகிறது. நான் அந்த ஆல்பத்தை அடிக்கடி கேட்பதில்லை. ஆனால் கேலி செய்யவும் மாட்டேன். அது இல்லாவிட்டால் இன்று குழுவே இருந்திருக்காது.

'டெத் மேக்னெடிக்' நல்ல ஆல்பம்தானே, ஏன் கேட்டால் தலை வலிக்கிறது?

பாட்டுகள் நல்லவை. ஒலியைத்தான் கெடுத்துவிட்டார்கள். 2008-இல் ரிக் ரூபின் தயாரிப்பில் வந்தது. எல்லாவற்றையும் உச்ச சத்தத்துக்கு ஏற்றி நசுக்கியதில், மெதுவான இடத்துக்கும் பலமான இடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போனது. பல இடங்களில் ஒலி உடைந்தே கேட்கும். அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டுக்காக வேறு மிக்ஸில் போயிருந்தன. ரசிகர்கள் அதை எடுத்து ஆல்பத்தோடு ஒப்பிட்டபோதுதான் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

அமெரிக்கப் பாடகர் லூ ரீடோடு செய்த 'லூலூ'?

2011. அது மெட்டாலிகா ஆல்பம் என்று நினைத்துக் கேட்டால் ஏமாற்றம்தான் வரும். லூ ரீடின் கவிதைக்கு மெட்டாலிகா பின்னணி வாசித்ததாக நினைத்துக் கேளுங்கள். 'ஜூனியர் டாட்' பாட்டின் கடைசி நிமிடங்களுக்காக நான் அதை வைத்திருக்கிறேன்.

கிட்டார் வாசிக்கிற கிர்க் ஹேமட்டின் சோலோக்கள் ஒரே மாதிரி ஆகிவிட்டனவா?

இது நியாயமான கேள்வி. 2014-இல் கோபன்ஹேகன் விமான நிலையத்தில் அவருடைய ஃபோன் தொலைந்துபோனது. அதில் சுமார் 250 ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் மெட்டு) யோசனைகள் இருந்தனவாம். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. 2016-இல் வந்த 'ஹார்ட்வயர்ட்' ஆல்பத்தில் எந்தப் பாட்டிலும் எழுதியவராக அவர் பெயர் இல்லை. 'கில் எம் ஆல்' ஆல்பத்துக்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல்முறை.

'72 சீஸன்ஸ்' சோலோக்களைப் பெரும்பாலும் முன்கூட்டி எழுதாமல் அந்தக் கணத்தில் வாசித்ததாக அவரே சொன்னார். நோக்கம் நல்லது. விளைவு, பல பாட்டுகளில் ஒலியை 'வா வா' என்று வளைக்கிற வா-வா பெடலை மிதித்துக்கொண்டு அதே ஐந்து சுர (பென்டடானிக்) ஓட்டங்கள். 'ஃபேட் டு பிளாக்' முடிவில் வரும் சோலோவை வாய்விட்டுப் பாட முடியும். 'ஒன்' பாட்டின் முதல் சோலோவையும் பாட முடியும். புதிய சோலோ ஒன்றைப் பாடிக் காட்டுங்கள் என்றால் எனக்கே வராது. அடுத்த ஆல்பத்தில் நான்கைந்து சோலோக்களையாவது அவர் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது என் ஆசை.

வயதாகிவிட்டது, இனி வேகமாக வாசிக்க முடியாது என்பது உண்மையா?

ஜேம்ஸும் லார்ஸும் 1963-இல் பிறந்தவர்கள். கிர்க் 1962, இப்போது பாஸ் வாசிக்கிற ராபர்ட் ட்ருஹியோ 1964. கை முன்பு போல இருக்காது, அதை மறைக்க வேண்டியதில்லை. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ரிஃப்பை ஜேம்ஸ் மேலிருந்து கீழாக மட்டுமே மீட்டுவார். கீழ்மேலாக மாற்றி மாற்றி மீட்டினால் உழைப்பு பாதிதான், ஆனால் ஒவ்வோர் அடிக்கும் ஒரே கனம் வராது. நிமிடத்துக்கு 200 தாளத்துக்கு மேல் ஓடுகிற வேகத்தில், எட்டரை நிமிடப் பாட்டின் பெரும்பகுதியை மணிக்கட்டைத் தளர்த்தாமல் அப்படி மீட்டிக்கொண்டே மேலே பாடவும் வேண்டும். ஒரு கிட்டாரை எடுத்து ஒரே ஒரு நிமிடம் முயன்று பாருங்கள். முன்கை கல்லாகிவிடும்.

அதை இன்னும் மேடையில் செய்கிறார். 'ஹார்ட்வயர்ட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஸ்பிட் அவுட் த போன்', ஏழு நிமிட அசல் த்ராஷ். ஆகவே வேகம் போய்விட்டது என்ற வாதம் நிற்காது.

'72 சீஸன்ஸ்' நல்ல ஆல்பமா?

2023 ஏப்ரல் 14-இல் வந்தது. ஒரு மனிதனின் முதல் 18 வருடங்கள், வருடத்துக்கு நான்கு பருவம், ஆக 72. அந்த வயதுக்குள் நம் மேல் படிந்தவற்றோடுதான் மிச்ச வாழ்க்கையும் ஓடுகிறது என்பது ஜேம்ஸ் எடுத்துக்கொண்ட கரு. 2019-இல் அவர் மறுபடியும் சிகிச்சைக்குப் போனது தெரிந்தவர்களுக்கு அந்த வரிகள் வேறு மாதிரி கேட்கும். கடைசிப் பாட்டு 'இனமொராட்டா' 11 நிமிடத்தைத் தாண்டும். மெட்டாலிகாவின் சொந்தப் பாட்டுகளில் அதுவே மிக நீளமானது. நடுவில் பாஸ் தனியாக வருகிற இடத்தில் எனக்கு 'ஓரியன்' நினைவு வந்தது.

நல்ல ஆல்பம். ஆனால் அதற்குள் ஒரு மிக நல்ல ஆல்பம் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் மனசு ஆறவில்லை.

அப்படியானால் உண்மையான பிரச்சினை என்ன?

நீளம். பழையதா புதியதா, த்ராஷா ராக்கா என்று நாம் அடித்துக்கொள்கிற சண்டை எல்லாம் இதற்கு அப்புறம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். 'ரைட் த லைட்னிங்' எட்டுப் பாட்டு, 47 நிமிடம். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' எட்டுப் பாட்டு, 55 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஓர் இசைத்தட்டின் இரண்டு பக்கத்துக்குள் அடங்கவேண்டும் என்ற கட்டாயம் அன்று இருந்தது. சிடி வந்தது, கட்டாயம் போனது. 'லோட்' 14 பாட்டு, 79 நிமிடம். கடைசிப் பாட்டான 'த அவுட்லா டார்ன்' சிடியில் இடம் பிடிக்காமல், அதன் முடிவிலிருந்து சுமார் ஒரு நிமிடத்தை வெட்டினார்கள்! முழுப் பாட்டை அடுத்த வருடம் ஒரு சிங்கிளில் வெளியிட்டார்கள். ஆல்பத்திலேயே ஆகச் சிறந்த பாட்டு அது. அதன் முடிவை வெட்ட மனம் வந்தவர்களுக்கு, சுமாரான ஒரு பாட்டைத் தூக்க மனம் வரவில்லை. பாட்டுக்காக சிடியை அமைக்காமல் சிடிக்காகப் பாட்டை வெட்டியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு வந்த சொந்த ஆல்பம் எதுவும் 70 நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை. 'ஹார்ட்வயர்ட்' 77, '72 சீஸன்ஸ்' 77. இவர்கள் வேலை செய்கிற முறையும் இதற்கு ஒரு காரணம். கச்சேரிக்கு முன் மேடைக்குப் பின்னால் ஓர் அறையில் சும்மா வாசித்துப் பார்ப்பார்கள். எல்லாம் பதிவாகும். வருடக்கணக்கில் ரிஃப்கள் மலையாய்ச் சேரும். பிறகு நல்ல ரிஃப்களைப் பொறுக்கிக் கோத்துப் பாட்டாக்குவார்கள். கையில் நல்ல சரக்கு ஏராளமாக இருக்கும்போது எதை விடுவது? எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. 2012-இல் சொந்தமாக 'பிளாக்கெண்ட் ரெக்கார்டிங்ஸ்' என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, வெளியிலிருந்து 'இது வேண்டாம்' என்று சொல்லக்கூடிய ஆள் எவரும் இல்லை. தயாரிப்பாளர் கிரெக் ஃபிடெல்மன் ஒலியை அழகாகப் பிடிக்கிறவர், அவரோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் 1991-இல் பாப் ராக் போட்ட சண்டையை இன்று யார் போடுகிறார்கள்?

நீளமான பாட்டுகள்தானே மெட்டாலிகாவின் அடையாளம்?

ஆமாம், பாட்டு நீளமாக இருக்கலாம். 'இனமொராட்டா'விலிருந்து ஒரு நொடியைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பாட்டில் நான்கு பாட்டு ஒரே நடுத்தர வேகத்தில், ஒரே மாதிரி ரிஃப்பை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றும்போதுதான் காது களைத்துப்போகிறது. களைத்த காதோடு 'இனமொராட்டா'வுக்கு வந்து சேர்ந்தால் அதன் அருமை எப்படித் தெரியும்?

அடுத்த ஆல்பம் எப்போது வரும்?

2003, 2008, 2016, 2023. இடைவெளி ஐந்து, எட்டு, ஆறரை வருடம். இந்தக் கணக்கை வைத்து நானாக ஊகிப்பது 2029-ஐ ஒட்டி. அப்போது ஜேம்ஸுக்கு 65 தாண்டியிருக்கும். 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய எம்72 சுற்றுப்பயணமும் லேசானதில்லை. ஒரே ஊரில் இரண்டு ராத்திரி, ஒரு பாட்டுகூடத் திரும்ப வராது என்ற ஏற்பாடு. மைதான நடுவில் வட்ட மேடை. அந்த உழைப்புக்கு நடுவே எழுதவும் வேண்டும்.

இதனால்தான் அடுத்த ஆல்பத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன். இன்னும் எத்தனை கிடைக்கும் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உங்கள் கையில் விட்டால் என்ன செய்வீர்கள்?

எட்டுப் பாட்டு. அதிகம் போனால் 50 நிமிடம். மறுத்துப் பேசுகிற ஒரு தயாரிப்பாளர். ராபர்ட்டின் பாஸ் தெளிவாகக் கேட்கவேண்டும். கிர்க்கின் சோலோக்கள் எழுதப்பட்டவையாக இருக்கவேண்டும். பாடல் இல்லாத வெறும் இசைத்துண்டு ஒன்று வேண்டும். 'ஓரியன்' வந்த குழுவிடம் அதைக் கேட்பது பேராசை ஆகாது. வேகம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், அதை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சொல்வது சரியா என்று எப்படிச் சோதிப்பது?

எளிது. 'ஹார்ட்வயர்ட்' இரண்டு சிடியாக வந்தது. முதல் சிடியின் ஆறு பாட்டையும் வரிசை மாற்றாமல் வையுங்கள். இரண்டாவதிலிருந்து 'ஸ்பிட் அவுட் த போன்' ஒன்றை மட்டும் எடுத்துக் கடைசியில் சேருங்கள். ஏழு பாட்டு, சுமார் 44 நிமிடம். ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு, நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள்.

அதேபோல '72 சீஸன்ஸ்' ஆல்பத்திலிருந்து தலைப்புப் பாட்டு, 'ஷேடோஸ் ஃபாலோ', 'ஸ்க்ரீமிங் சூயிசைட்', 'லக்ஸ் எடர்னா', 'ரூம் ஆஃப் மிரர்ஸ்', 'இனமொராட்டா' ஆறையும் எடுத்து வையுங்கள். இது 40 நிமிடம்கூட வராது. கருப்பு ஆல்பத்தைத் திட்டிக்கொண்டு வந்தானே அந்த நண்பன், அவனுக்கு இந்த இரண்டு பட்டியலையும் போன மாதம் அனுப்பினேன். இரண்டாவதில் 'சேஸிங் லைட்' விட்டுப்போச்சு என்று சண்டைக்கு வந்திருக்கிறான். திரும்பக் கேட்டுப் பார்த்தேன். அவன் சொல்வது சரி என்றே தோன்றுகிறது. அதைச் சேர்த்தாலும் 50-க்குள்தான் இருக்கிறது.